பல்வலியும் நமது சங்கங்களும்

கடன் விண்ணப்பத்தில் 'காரணம்' என்று அச்சிட்ட ஒரு வரி உண்டு. திருமணம், வீடு பழுது பார்த்தல், பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவு என்று அங்கத்தினர்கள் அதில் எழுதுவார்கள். மருத்துவச் செலவு என்று எழுதியவரை, என்ன நோய் என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால், நெஞ்சுவலி என்பார், சர்க்கரை என்பார், சிறுநீரகக் கல் என்பார். பல் என்று சொல்ல நேர்ந்தவர் மட்டும் சற்றே தயங்குகிறார். பல்வலிக்காகக் கடன் வாங்குவதா என்று பிறர் நகைப்பார்களோ என்ற கூச்சமே அதற்குக் காரணம். இந்தக் கூச்சம் நமது நெசவாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் எவ்வளவு நஷ்டத்தை உண்டாக்குகிறது என்பதையும், அதைத் தடுக்கச் சங்கங்கள் என்ன செய்யக்கூடும் என்பதையும் எழுத விரும்புகிறோம். வைத்தியம் வைத்தியருடைய வேலை. அதில் நாம் தலையிடவில்லை. வைத்தியரிடம் போய்ச் சேருமுன் வீட்டிலும் தறிக்கூடத்திலும் வயலிலும் நடப்பதைப் பற்றியே பேசுகிறோம்.

நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் ஓர் அங்கத்தினர்க்குக் கீழ்வாய்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் இரண்டு வகை மாத்திரைகளைக் கேட்டு வாங்கி விழுங்குவார், வலி தணியும், தறியில் இறங்கிவிடுவார். மூன்று முறை இவ்வாறு ஆயிற்று. நான்காம் முறை தாடைக்குக் கீழே கழுத்து வீங்கியது. வீட்டார் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தனர். மறுநாள் வாயைத் திறக்க முடியவில்லை. உமிழ்நீரையும் விழுங்க முடியவில்லை. அன்று இரவே மூச்சுத் திணறத் தொடங்கியது. 108 வண்டி வந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. அங்கே மூச்சுக்குக் குழாய் வைத்து, கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றி, ஆளைக் காப்பாற்றினார்கள். அரசு மருத்துவமனையாதலால் சிகிச்சைக்குப் பணம் செலவாகவில்லை. ஆனால் பாதி நெய்த பாவு ஒன்றரை மாதம் தறியிலேயே கிடந்தது. உடனிருந்து கவனித்த மனைவியின் நூல் சுற்றும் கூலியும் நின்றது. முடிவில் நகைக்கடன் வாங்க வேண்டி வந்தது. முதன்முறை வலித்தபோதே பேருந்து ஏறிப் பல் மருத்துவரிடம் போயிருப்பின் அரைநாட் கூலியோடு காரியம் முடிந்திருக்கும்.

"பல்வலியால் செத்தவன் உண்டா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்டு என்பதே விடை. தாடையின் அடியிலும் நாக்கின் அடியிலும் பரவும் இத்தகைய சீழ் வீக்கத்தை 1836-ஆம் ஆண்டில் லுட்விக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்து எழுதினார். அந்த நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் கண்டவரில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. இன்று பிழைக்கிறார்கள், நேரத்தில் வந்து சேர்ந்தால்.

இங்கே ஒரு விஷயத்தை அங்கத்தினர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வலி நின்றதும் நோயும் தீர்ந்தது என்று பொருளன்று. பல்லின் வெளியோடு கெட்டியானது; அதனுள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மெல்லிய சதை இருக்கிறது. சொத்தை மேலோட்டைத் துளைக்கும்போது வலி இராது. உள்ளோட்டை எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூசும். நூறு பேரில் தொண்ணூறு பேர் இந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போவதில்லை என்று சொன்னால் மிகையென்று யாரும் நம்மைக் குற்றஞ் சொல்லமாட்டார்கள். ஒரு முறை உட்கார்ந்தால் அடைத்து அனுப்பக்கூடிய பல் அது. உள்ளிருக்கும் சதையைக் கிருமி தொட்டபின்தான் இரவில் படுத்ததும் விண்விண் என்று தெறிக்கும் வலி வருகிறது. கெட்டியான ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடமில்லாத சதை வீங்குவதால் வரும் வலி அது. சில நாளில் அந்தச் சதை செத்துப் போகிறது. வலியும் ஒரே நாளில் மாயமாய் மறைகிறது. கிராம்பு வைத்தவர் கிராம்பைப் புகழ்கிறார்; மந்திரித்தவர் மந்திரத்தைப் புகழ்கிறார். செத்த சதையில் கிருமி பெருகி, வேரின் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வலி நின்ற அந்த இடைவெளிக் காலமே மருத்துவரிடம் போவதற்கு மிகவும் உரிய காலம். யாரும் போகாத காலமும் அதுவே.

மருந்துக் கடை மாத்திரையின் கதையும் இதனோடு சேர்ந்தது. கிருமிக்கொல்லி மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். செத்துப்போன பல்லுக்குள் இரத்த ஓட்டம் ஏது? பல்லின் உள்ளிருக்கும் மூலத்தை அம்மாத்திரை தொடுவதில்லை. வெளியே பரவியதைச் சற்று அடக்கி வைக்கிறது. பல்லைத் திறந்து வேர்ச் சிகிச்சை செய்வது, அல்லது பிடுங்குவது, சீழ் இருந்தால் வழி செய்து வடிப்பது, இவையே பரிகாரம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் மருத்துவர் மாத்திரையும் தருவார். அதை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும். இரண்டு வேளை விழுங்கிவிட்டு மிச்சத்தை அடுத்த வலிக்கென்று மாடக்குழியில் பத்திரப்படுத்துவது ஆகாது.

அப்படியாயின் இரவு பதினொரு மணிக்கு வலி வந்தால் என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்பு நீரால் வாயைக் கொப்பளித்து, பல்லிடுக்கில் சிக்கிய உணவை நூலால் மெல்ல அகற்றலாம். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கலாம். ஈரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதையும் உட்கொள்ளலாகாது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வேறு வலி மாத்திரைகளின் பக்கமே போக வேண்டா. தலையணையைச் சற்று உயர்த்தி வைத்துப் படுத்தால் தெறிப்பு குறையும். கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வைத்தால் சிறிது நேரம் மரத்துப்போகும். ஈற்றில் பட்டால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈற்றில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அது அமிலம், ஈற்றை வெந்த தோல்போல் வெளுக்கச் செய்துவிடும். புகையிலைத் தூள், மண்ணெண்ணெய், கற்பூரம் இவற்றைப் பற்றியும் தனியே சொல்லத் தேவையில்லை. வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் சூடான பற்றும் கூடா.

விடியும்வரை பொறுக்கக்கூடாத அறிகுறிகள் சில உண்டு. கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ வீக்கம் பரவுதல், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறவாமை, நாக்கு மேலே தூக்கிக்கொள்ளுதல், உமிழ்நீர் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சு முட்டுதல், குளிர்காய்ச்சல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று கண்டாலும் பல் மருத்துவர் கடை திறக்கட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கே போய்விட வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்க்கு இது இரட்டிப்பு அவசரம். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நில்லாதிருந்தால், சுத்தமான துணியை மடித்து நனைத்து அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். அடிக்கடி துப்புவதும் கொப்பளிப்பதும் உறைந்த இரத்தத்தைக் கலைத்துவிடும். அதற்கும் நில்லாவிட்டாலும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவராயினும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி அடிபட்ட பல்லைப் பற்றிச் சொல்வோம். விசைத்தறியிலிருந்து நாடா தெறித்து முகத்தில் அடிப்பது நெசவாளர்களுக்குத் தெரியாததன்று. வயலில் மாட்டின் தலை மோதுகிறது. டிராக்டரின் பிடி நழுவி வாயில் அடிக்கிறது. இக்காலத்தில் எல்லாவற்றினும் மிகுதியாக, தலைக்கவசம் அணியாமல் இரு சக்கர வண்டியிலிருந்து விழுகிறார்கள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் விழுவதும் உண்டு. பல் வேரோடு கழன்று மண்ணில் விழுந்துவிட்டால், 'போயிற்று' என்று விட்டுவிடுகிறோம். போகவில்லை. நிலைத்த பல்லாக இருந்தால் அதனை மீண்டும் அதே குழியில் பதித்து வாழவைக்க முடியும். ஆனால் இதற்கு மணிக்கணக்கு உண்டு.

முதலில் அடிபட்டவர்க்கு நினைவு தப்பியிருக்கிறதா, வாந்தி எடுக்கிறாரா, தாடை கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியாயின் பல்லை மறந்துவிட்டு ஆளைத் தூக்க வேண்டும். ஆள் தெளிவாக இருந்தால் பல்லைத் தேடி எடுக்கலாம். வெளியே தெரியும் வெண்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும், வேரைத் தொடலாகாது. வேரின்மேல் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களே பல்லை மீண்டும் எலும்போடு பிணைப்பவை. சோப்பிட்டுத் தேய்த்தாலும் துணியால் துடைத்தாலும் அவை அழியும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில விநாடிகள் மெல்ல அலம்பி, முன்புறம் முன்னாக இருக்கும்படி குழியில் பொருத்தி, மடித்த கைக்குட்டையை மெல்லக் கடித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மனம் துணியாதவர்கள் பல்லைப் பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம். தண்ணீரில் போட்டு வைத்தால் அவ்வுயிரணுக்கள் ஊறி வெடித்துவிடும். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் காய்ந்து சாகும். காய்ந்த நிலையில் அரை மணி நேரம் கடந்தாலே சேதம் தொடங்கிவிடும். ஒரு மணி நேரம் கடந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. பாலில் சில மணி நேரம் தாங்கும். குளிர்ந்த பால் நல்லது. சூடான பாலும் மோரும் தயிரும் உதவா. இளநீரைப் பற்றியும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன; ஆனால் பால் கிடைக்குமிடத்தில் பாலே முதன்மை. மருத்துவர் அப்பல்லை அண்டைப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறக்குறைய 2 வாரம் கட்டி வைப்பார். பெரியவர்க்குப் பிறகு வேர்ச் சிகிச்சையும் செய்வார். குழந்தைகளின் பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பதிக்கக்கூடாது; உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அது கேடு. மண்ணில் விழுந்த பல்லாயின் இரண ஜன்னி ஊசியைப் பற்றியும் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாதி உடைந்த பல்லின் துண்டையும் எறியாமல் பாலில் போட்டுக் கொண்டு போனால் பல சமயங்களில் ஒட்ட வைத்துவிடுகிறார்கள்.

பால் என்றவுடன் நமக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. நெசவாளர் சங்கம் இல்லாத கிராமம் உண்டு. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இல்லாத கிராமத்தைத் தேட வேண்டியிருக்கிறது. காலையும் மாலையும் பால் வந்து சேரும் அந்த இடத்தில், 'கழன்ற பல்லுக்கு ஒரு குவளைப் பால் இலவசம்' என்று ஓர் அட்டை எழுதி மாட்டினால் என்ன? ஆண்டுக்கு ஒரு குவளை செலவாகுமோ இராதோ. ஆனால் அட்டையைப் பார்க்கும் ஒவ்வொருவர்க்கும் செய்தி தெரிந்துவிடும்.

நமது தொழிலுக்கே உரிய பழக்கங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அறுந்த இழையைப் பல்லால் கடித்து வெட்டுவது நெசவில் கைப்பழக்கமாகவே போய்விட்டது. பல ஆண்டுகள் கடித்தால் முன்பற்களின் விளிம்பில் பள்ளம் விழுந்து, ஒருநாள் சில்லு பெயர்ந்துவிடும். இரண்டங்குலக் கத்தரி ஒன்றைத் தறியில் கயிறு கட்டித் தொங்கவிட என்ன தடை என்று நமக்குப் புரியவில்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளில் நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்தது. 'நாடாவை முத்தமிடுதல்' என்று அதற்குப் பெயர். பல்லும் கெட்டது, ஒருவர் வாய் நோய் மற்றொருவர்க்குத் தொற்றவும் வழியாயிற்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1911-ஆம் ஆண்டிலேயே அதற்கு எதிராகச் சட்டம் செய்தது. நம் விசைத்தறிக் கூடங்களில் அவ்வழக்கம் எங்கேனும் இருந்தால், ஒரு கம்பிக் கொக்கியால் அதனை ஒழித்துவிடலாம். குழித்தறியில் அமர்ந்தவர்க்கு வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் துணை. சர்க்கரை நிறைந்த தேநீர் அடிக்கடி வருகிறது. பல்லுக்கு வேண்டாதது மொத்தச் சர்க்கரையைவிட, நாள் முழுதும் சிறிது சிறிதாக வாயில் படும் சர்க்கரை என்பதை அறிதல் நலம். பாக்கு மெல்லுபவர்க்கு வாய் மெல்ல மெல்ல இறுகித் திறவாமற் போவதும், 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணும் அவசரமாகக் காட்ட வேண்டியவை, புற்றாக இருக்கலாம். விவசாயிகள் கரும்பைப் பல்லால் உரிப்பதை நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். சொத்தையோ பழைய அடைப்போ உள்ள பல்லால் உரிக்க வேண்டாமென்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்க்கும். ஃபுளூரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்குவதே காப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்கு ஃபுளூரைடு என்ற பெயரே அச்சம் தரும். நிலத்தடி நீரில் அது மிகுந்து பற்களில் கறை படிந்த ஊர்கள் அங்கே அநேகம். அதனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. பசையில் உள்ள சிறிதளவை விழுங்காமல் துப்பிவிட்டால் தீங்கில்லை.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் ஒழியவில்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. கர்ப்பிணிகள் பல்லைத் தொடக்கூடாது என்பதும் தவறான எண்ணமே. நடுமாதங்களில் வேண்டிய சிகிச்சையைச் செய்துகொள்ளலாம், மருத்துவரிடம் கர்ப்பத்தைச் சொல்லிவிட்டால் போதும். பயந்து கிடப்பவர்களைத்தான் பதிவு பெறாத 'பல் டாக்டர்கள்' பிடித்துக்கொள்கிறார்கள். 1948-ஆம் ஆண்டிலேயே பல் மருத்துவர் சட்டம் வந்துவிட்டது. எனினும் சந்தையில் உட்கார்ந்து, நல்ல பற்களோடு கம்பியால் கட்டிச் செயற்கைப் பல்லை நிரந்தரமாக ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அடியில் அழுக்குச் சேர்ந்து நல்ல பற்களும் ஆட்டங் காண்கின்றன. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தொடங்கிற்று. இன்று சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், பல வட்ட மருத்துவமனைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார். எந்த நிலையத்தில், எந்தக் கிழமையில் இருக்கிறார் என்பது நம் அங்கத்தினர்க்குத் தெரிவதில்லை. விளம்பரப் பலகையில் கடன் வட்டி விகிதத்தை எழுதும் சங்கம், அதன் கீழே இந்த ஒரு வரியையும் எழுதக்கூடாதா?

நிகர லாபத்தில் பொதுநல நிதிக்கென்று ஒதுக்கத் துணைவிதி இடங்கொடுக்கும் சங்கங்கள் பல இருக்கின்றன. அந்தத் தொகை எப்படிச் செலவாகிறது என்று பேரேட்டைப் பார்த்தால், நாட்காட்டி அச்சிட்டதும், விழாவுக்கு நன்கொடை அளித்ததும், பல ஆண்டுகள் தொடாமலே வங்கியில் கிடப்பதும் தெரிய வருகிறது. அதில் ஒரு பகுதியை ஆண்டுக்கொரு பல் பரிசோதனை முகாமுக்குச் செலவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முகாமோடு நின்றால் பயனில்லை. சொத்தை கண்டவர்களின் பெயரை எழுதி, அவர்கள் சிகிச்சைக்குப் போனார்களா என்று அடுத்த கூலிப் பட்டுவாடா நாளில் கேட்கவேண்டும். வாரக் கூலி வாங்க எல்லோரும் ஓரிடத்துக்கு வருவது நெசவாளர் சங்கத்துக்குக் கிடைத்த வசதி. மருத்துவத் துறைக்கே கிடைக்காத வசதி அது. இதற்கு மறுப்புரைப்பவர்களும் உண்டு. நூலுக்கே முதலீடு போதாத சங்கத்துக்குப் பல்லைப் பற்றி என்ன கவலை என்கிறார்கள். ஞாயமான கேள்விதான். ஆனால் ஒன்றரை மாதம் தறியில் கிடந்த அந்தப் பாவும் சங்கத்தின் நூலே. குறித்த தவணையில் சரக்கு அனுப்ப முடியாமற்போனதும் சங்கமே. நட்டக் கணக்கில் பல் என்று ஒரு தலைப்பு இல்லாததால் அது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

முதலுதவிப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான தறிக்கூடங்களில் அது இருக்கிறது. உள்ளே மடித்த சுத்தமான பஞ்சுத்துணி, மூடியுள்ள சிறு பாட்டில், கையுறை, சிறிய கைவிளக்கு, அருகிலுள்ள பல் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் வாய்க்காயத்துக்கும் அது போதும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டு போகும் வழக்கத்தை மட்டும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு நிறுத்திவிட வேண்டும்.